இறால், மீன் பண்ணைக் கழிவை உரமாக்குதல்: எதற்குத் தடை, எதற்கு அனுமதி, எதற்கு மானியம்

வனாமி என்னும் வெளிநாட்டு இன இறால் வளர்க்கும் குளத்தில் அறுவடை முடிந்து தண்ணீர் வடிந்ததும், காற்றூட்டிச் சக்கரங்கள் சுழற்றித் தள்ளியவை எல்லாம் குளத்தின் நடுவே கருஞ்சேறாகத் திரண்டு கிடப்பதைக் காணலாம். காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அழுகிய முட்டை நாற்றம் எழும். தின்னாமல் விட்ட தீவனம், இறாலின் எச்சம், உரித்துப் போட்ட ஓடு, செத்த பாசி ஆகியவை சேர்ந்ததே அந்தச் சேறு. ஒரு டன் இறால் வளர்க்க ஏறத்தாழ ஒன்றரை டன் தீவனம் செலவாகிறது என்றும், அதில் 35 சதவீதம் புரதம் என்றும் வைத்துக்கொண்டால், குளத்துக்குள் போகும் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 84 கிலோ ஆகும். அறுவடையாகும் இறாலின் உடலில் வெளியேறுவது 30 கிலோவுக்குள்தான். மிச்சமுள்ள 50 கிலோவுக்கு மேற்பட்ட தழைச்சத்து இரண்டரை மூட்டை யூரியாவுக்குச் சமம். அதில் ஒரு பகுதி நீரில் கரைந்தும் காற்றில் கலந்தும் போய்விடும். இன்னொரு பகுதி மணிச்சத்தோடு (பாஸ்பரஸ்) சேர்ந்து சேற்றில் தங்கிவிடும். தீவனத்துக்குப் பணம் கொடுத்தபோதே பண்ணையாளர் இந்தச் சத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். அதை வாய்க்காலில் தள்ளுவது நட்டம் மட்டுமன்று, சட்டப்படி குற்றமும் ஆகும்.

எது தடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பே கடலோர இறால் வளர்ப்பு மீதான இன்றைய கட்டுப்பாடுகளுக்கு அடித்தளம். அதன் தொடர்ச்சியாக 2005-ஆம் ஆண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆணையமும் அமைந்தது. கடலோரத்தில் உவர்நீரில் வளர்ப்புச் செய்யும் ஒவ்வொரு பண்ணையும் இந்த ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பங்களை முதலில் மாவட்டக் குழு பரிசீலிக்கிறது. 2023-இல் வந்த திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி, அதற்குப் பதில் பண அபராதத்தை வைத்தது. இதைக் கேட்டுவிட்டுக் கட்டுப்பாடுகளே தளர்ந்துவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர், அது தவறு. கழிவுநீர் தொடர்பான கடமைகள் அப்படியேதான் உள்ளன.

வனாமி வளர்ப்புக்கு 2009-இல் அனுமதி தரப்பட்டபோதே, பண்ணை சிறிதாயினும் பெரிதாயினும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நோய் தாக்கி அவசர அறுவடை செய்ய நேர்ந்தால் மதகைத் திறக்காமல் வலை போட்டு மட்டுமே பிடிக்க வேண்டும். நீரைக் குளோரின் இட்டு நோய் நீக்கி, பின்னர் குளோரினையும் நீக்கிய பிறகே வெளியேற்ற வேண்டும். இவை தவிர, 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மாசுபடுத்தும் பொருளை ஆறு, ஓடை, கிணறு, அலை ஏறும் கழிமுகம் ஆகியவற்றில் மட்டுமின்றி நிலத்தின் மீதும் தெரிந்தே விடுவதைத் தடுக்கிறது. குளத்துச் சேற்றை வாரி ஊர்ப் புறம்போக்கில் குவிப்பவர்கள் இந்தப் பிரிவை நினைவில் கொள்ள வேண்டும்.

அனுமதிக்கு வருவோம். சொந்தப் பண்ணையின் கழிவைச் சொந்த நிலத்தில் மக்க வைத்து, சொந்தப் பயிருக்கே இடுவதற்கு உரச் சட்டத்தின் கீழ் உரிமம் எதுவும் பெற வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை பொருந்துவது, உரம் விற்பனைப் பொருளாகும்போதுதான். மூட்டை கட்டி விற்க விரும்புவோர் உற்பத்திச் சான்று பெற்று, ஆணையின் நான்காம் அட்டவணையில் தங்கள் உர இனத்துக்குரிய அளவுகளை எட்ட வேண்டும். நகரக் கம்போஸ்ட் என்ற இனத்துக்கு அந்த அட்டவணை தழைச்சத்து குறைந்தது 0.8 சதவீதம், மணிச்சத்து 0.4, சாம்பல்சத்து 0.4, கரிமம் 12 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 20-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. செம்பு கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால், பாசியை ஒழிக்கக் காப்பர் சல்பேட் போட்டு வந்த குளத்தின் சேற்றைச் சோதிக்காமல் விற்பனைக்குக் கொண்டுவர எண்ணக் கூடாது.

உவர்நீர்ப் பண்ணையாளர் பலருக்குத் தடையாக நிற்பது வேறொரு எண். ஒரு பங்கு உரத்தை ஐந்து பங்கு நீரில் கலக்கி அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டக் கூடாது. மின்கடத்துதிறன் என்பது உப்பின் அளவைக் காட்டும் குறி. கடல்நீர் ஏற்றிய குளத்தின் சேறு, சத்தில் தேறினாலும் இந்த ஒரு சோதனையில் தேறுவது அரிது. இதற்காகச் சேற்றைக் கைவிட வேண்டியதில்லை. அடியில் தார்ப்பாய் விரித்த படுகையில் பரப்பி வைத்தால் வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவி இறக்கும். வடியும் நீரைச் சுத்திகரிப்புக் குளத்துக்கே திருப்பிவிட வேண்டும். மழையோடு தழைச்சத்திலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். உப்பு இறங்கிய சேற்றை நெல்லுக்கோ காய்கறிக்கோ இடுவதைவிடத் தென்னைக்கு இடுவதே பாதுகாப்பு. தென்னை உப்பைத் தாங்கும் மரம்; வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் இறால் குளமும் தென்னந்தோப்பும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லை.

நன்னீர் மீன் பண்ணைக்கு இந்த உப்புத் தொல்லை கிடையாது. கட்லா, ரோகு வளர்ப்பவர்களிடம் சேருவது இறந்த மீனும், சுத்தம் செய்யும் இடத்தில் மிஞ்சும் குடல், செதில், செவுளும்தான். இவற்றில் தழைச்சத்து மிக அதிகம், கரிமம் மிகக் குறைவு. ஆகவே தனியாகக் குவித்தால் மக்காது, அழுகி அம்மோனியாவாகத் தழைச்சத்தை இழக்கும், ஈ மொய்க்கும், நாய் கிளறும். கரிமம் மிகுந்த ஒன்றோடு சேர்த்தாக வேண்டும். வைக்கோல் மாட்டுக்கு வேண்டியிருப்பதால் தென்னைநார்க் கழிவே நமக்கு ஏற்றது. பச்சைத் தென்னைநார்க் கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. நல்ல மக்குக்கு வேண்டியது 25 முதல் 30-க்கு 1. கன அளவில் மீன் கழிவு ஒரு பங்குக்கு மூன்று பங்கு தென்னைநார்க் கழிவு என்று தொடங்கி, நாற்றம் எழுந்தால் நாரைக் கூட்டிக்கொள்ளலாம். அடியில் ஒரு முழம் நார், நடுவில் மீன், மேலே கழிவு கண்ணில் படாதபடி மீண்டும் நார் என அடுக்க வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. சில நாள்களில் குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். திறந்த வெளிக் குவியலில் அந்தச் சூடு 15 நாள் நீடித்து, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டப்பட்டிருந்தால் நோய்க்கிருமிகள் அழிந்ததாகக் கொள்வது பிற நாடுகளில் நிலைபெற்ற நடைமுறை. இயற்கை விவசாயிகள் மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் ஊற வைத்துச் செய்யும் மீன் அமிலமும் நல்லதே. ஆனால் அது இலைவழித் தெளிப்புக்கானது. தினம் கூடை கூடையாகச் சேரும் கழிவுக்கு அது போதாது.

வெள்ளைப்புள்ளி என்னும் வைரஸ் நோயில் செத்த இறாலைத் திறந்த குவியலில் சேர்க்கவே கூடாது. குவியல் சூடேறுவதற்குள் ஒரு காகம் ஒரு செத்த இறாலைக் கவ்விப் போய்ப் பக்கத்துக் குளத்தில் போட்டால், அடுத்த பண்ணைக்காரரின் இறால் முழுவதும் போய்விடும். அதைச் சுண்ணாம்பு இட்டு, நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைப்பதே முறை.

ஓடுகளின் கதை தனி. இறால் ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருள் மெதுவாகத்தான் மக்கும். அப்படி மக்கும்போது கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகி வேரைத் தாக்கும் நூற்புழுக்களை மட்டுப்படுத்துகின்றன. கிளிஞ்சல் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பு. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் எடுக்கும் கக்கா எனப்படும் கிளிஞ்சல் ஓடு குட்டநாட்டின் புளிப்பு மண்ணுக்கு மருந்தாகிறது. நம் கடலோர மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது என்பதால் இங்கே அதை இடுவதில் பயனில்லை.

மானியத்தைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் மத்திய அரசு தருகிறது என்ற செய்தி உண்மையே. 2023 ஜூனில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்த சந்தை மேம்பாட்டு உதவி அது. ஆனால் அது சாணம், கரிமக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கோபர்தன் திட்டத்தின் கீழ் வரும் ஆலைகளில் புளித்து வெளிவரும் உரத்துக்கானது. தோட்டத்து மூலையில் குழி போட்டு மக்க வைப்பவருக்கு அது கிடைக்காது. மீன்வள வளர்ச்சிக்கான பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குளம் வெட்டப் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதமும், மகளிருக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. குளத்துக்கான வரைபடம் தயாராகும் போதே சேறு பரப்பும் படுகைக்கும் மக்கு உரக் கொட்டகைக்கும் இடம் விட்டுவிட வேண்டும்; குளங்கள் எல்லைவரை வெட்டப்பட்ட பிறகு அந்த இடம் கிடைக்காது. விண்ணப்பத்துக்கு மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். உரத்தைச் சோதிக்கக் கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் சத்துகளோடு மின்கடத்துதிறனையும் அளந்து தருமாறு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.