ஊடக மாணவர்களுக்கு அரபி எதற்கு?

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருந்தபோது, ஒரு நாள் இரவு அரபியில் வந்த ஒரு வரியை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தோம். ஒருவர் யாரையோ கொன்றதாக வந்தது. செய்தியை எழுதி முடித்த பிறகு அரபி தெரிந்த நண்பர் மூல வரியைப் படித்துவிட்டு, "ஐயோ, செத்துப்போனதே இவர்தான்" என்றார். நல்லவேளை, செய்தி வெளியாகவில்லை.

அரபியில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. 'கதல' என்றால் கொன்றான், 'குதில' என்றால் கொல்லப்பட்டான். எழுதும்போது இரண்டுக்கும் ஒரே உருவம். வாக்கியத்தை முழுதாகப் படித்துத்தான் எது என்று பிடிக்க முடியும்.

அதனால்தான் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். சரளமாகப் பேசுவது பிறகு வரட்டும். 28 எழுத்துகள், எண்கள், மாதப் பெயர்கள், செய்தியில் அடிக்கடி வரும் சில நூறு சொற்கள் தெரிந்தாலே, ஒரு வீடியோவில் தெரியும் கடைப் பலகையையும் தேதியையும் நாமே படித்துச் சரிபார்க்கலாம். எண்களில் ரொம்பக் கவனம் வேண்டும். பல அரபு நாடுகளில் எழுதும் ஐந்து நம் கண்ணுக்குப் பூஜ்யம் போலிருக்கும், ஆறு 7 போலிருக்கும். பலி எண்ணிக்கையில் இந்தத் தவறு நேர்ந்தால்? மாதமும் ஊருக்கு ஊர் மாறும். எகிப்தில் ஜூலை 'யூலியூ', சிரியாவிலும் ஈராக்கிலும் 'தம்மூஸ்'.

அப்புறம், பேச்சு. அல் ஜசீராவில் வாசிக்கும் அரபி வேறு, கெய்ரோ தெருவில் நேரில் பார்த்தவர் சொல்லும் அரபி வேறு. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் அறிந்த நமக்கு இது உடனே புரியும். பயிற்சியில் ஒரு வட்டார வழக்கையாவது காதுக்குப் பழக்க வேண்டும் என்பேன்.

'ஷஹீத்' என்ற சொல்லைத் தியாகி என்று போடுவதா, கொல்லப்பட்டவர் என்று போடுவதா? இதில் நிலைப்பாடு கலந்திருக்கிறது. மூலத்தில் என்ன சொல் இருக்கிறது என்றே தெரியாத ஆசிரியர் எதை வைத்து முடிவெடுப்பார்?

அரபி நமக்கு ரொம்ப அந்நியம் என்று தயங்கும் மாணவர்களிடம் தமிழ் நீதிமன்றச் செய்தி ஒன்றைக் கொடுத்து, சில சொற்களை அடிக்கோடிடச் சொல்வேன். கைதி, வக்கீல், ஜாமீன், ஆஜர், ரத்து. ஐந்துக்கும் வேர் அரபி. அதற்குப் பிறகு எழுத்துகளைக் கற்க உட்காரும்போது முகத்தில் அந்தப் பழைய தயக்கம் இருப்பதில்லை.