புதுப்பித்தது சிஓஇயைத்தான், காரை இல்லை

போன வாரம் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கூடவே மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். டிக்கியில் பிள்ளையின் தள்ளுவண்டி. கார் 2 லிட்டர் டர்போ, நான்கு சக்கர இழுவை உள்ள ஐரோப்பிய வேகன், அதாவது கூரை பின்கோடிவரை நீண்டு பெரிய டிக்கி உள்ள கார். வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகிறது. "அண்ணே, ஆயில் மட்டும் மாத்திக் குடுங்க, போதும்" என்றார்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். பின் சக்கரங்களுக்கு இழுவை அனுப்பும் பம்ப் செத்துப் போயிருந்தது. டர்போ பக்கம் ஆயில் ஈரம். ஓட்டிப் பார்த்தால் இரண்டாம் கியருக்கு இறங்கும்போது ஒரு உதறல். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் 9,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பக்கத்தில் வரும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஆனா சிஓஇ இப்பதானேண்ணே புதுப்பிச்சாங்க?"

தீபாவளிக்குப் பிறகு இந்தக் கேள்வி என் காதில் விழுவது இது நான்காவது முறை. பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

சிஓஇ என்பது இந்தக் காரைச் சிங்கப்பூரில் பதிவில் வைத்திருக்கும் உரிமைக்காக ஏலத்தில் வாங்கும் சான்றிதழ். 1990இல் வந்த திட்டம். பத்து ஆண்டு முடிந்ததும் காரைப் பதிவிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் கடைசி மூன்று மாத ஏலவிலையின் சராசரியைக் கட்டி இன்னும் பத்து ஆண்டோ, அதில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டோ நீட்டிக்கலாம். பணம் கட்டும்போது யாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு ரப்பர் குழாய்கூட மாறுவதில்லை. பத்து வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அப்படியே காய்ந்துதான் இருக்கிறது. "சிஓஇ புத்தம் புதுசு" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், யாரோ அரசாங்கத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார் என்பதுதான் அதன் முழு அர்த்தம். கார் நல்ல நிலையில் இருப்பதால்தானே புதுப்பித்திருப்பார்கள் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சொந்தமாக ஓட்டப் புதுப்பித்தவர் அப்படி யோசித்திருக்கலாம். விற்பதற்காகவே புதுப்பித்தவர் எதற்காக யோசிக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஆண்டு சிஓஇக்கு 90,000 வெள்ளி கட்டிய கார், இன்னும் 7 ஆண்டு மீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழு ஆண்டுச் சான்றிதழின் மதிப்பு மட்டும் 63,000. கார் 70,000க்கு வருகிறது. அப்படியென்றால் இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ, சீட்டு, சக்கரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து விற்பவரே போட்ட விலை 7,000தான். ஆண்டுக்கு 10,000 தேய்மானம், புதுக் காரைவிட மலிவு என்று வாங்குகிறவர் சந்தோஷப்படுகிறார். ஆனால் உதிரிபாகம் விற்கும் கடைக்காரர் உங்கள் கார் எத்தனைக்கு வந்தது என்று கேட்டு விலை சொல்வதில்லை. புதிதில் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்ற காரின் பிரேக் டிஸ்க், அந்தக் காருக்கான விலையில்தான் வரும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தாலே என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வரவேண்டிய அவசியம் இருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. ஐந்து முடிந்தால் கதை முடிந்தது, எவ்வளவு செலவு செய்து காப்பாற்றியிருந்தாலும் சரி. அதேபோல, புதுப்பித்த காருக்குப் பார்ஃப் கழிவுத்தொகை, அதாவது காரைப் பதிவிலிருந்து எடுக்கும்போது அரசாங்கம் திருப்பித் தரும் தொகை, கிடையாது.

வேகன் மேல் ஆசைப்படுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். எனக்கும் அந்த ஆசை உண்டு. 1994இல் வால்வோ 850 வேகனைப் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கினார்கள். அதே ஆண்டு போர்ஷேயோடு சேர்ந்து செய்த ஆடி ஆர்எஸ்2 அவான்ட் என்ற வேகன் வந்தது. மளிகை, பிள்ளைகள், தாத்தாவின் சக்கர நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் மிதித்தால் பறக்கிற ஒரே வண்டி. இங்கே எல்லாரும் எஸ்யூவி பக்கம் போய்விட்டதால் நல்ல வேகன்கள் கேட்பாரற்று நிற்கின்றன. அதனால்தான் விலையும் இறங்கித் தெரிகிறது.

சாலை வரியைக் கேட்காமலே முன்பணம் கட்டுகிறார்கள். அது இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,984 சிசிக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,190 வெள்ளி. 4,163 சிசி வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்றால் 4,200 வெள்ளி. பத்து வயது தாண்டினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடிக்கொண்டே போய் 50இல் நிற்கும். அந்த வி8க்கு அப்போது 6,300 வெள்ளி. சத்தம் நன்றாக இருக்கிறது என்று வி8 வாங்கப் போகிறவர் இதை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டிவிட்டுப் போகட்டும். சில பழைய ஆடி வி8களில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம் இருக்கும். அதைத் தொடவே இன்ஜினை வெளியே இறக்க வேண்டும்.

"சோதனையில் பாஸ் ஆயிருக்கு" என்பதும் அடிக்கடி கேட்கிற பதில்தான். பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகும், உண்மைதான். அங்கே பிரேக், புகை, விளக்கு, அடிப்பாகம் பார்ப்பார்கள். சாலையில் ஆபத்தில்லாமல் ஓடுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. உங்கள் கியர்பாக்ஸ் அடுத்த வருடம் உயிரோடு இருக்குமா என்பது அவர்கள் வேலை இல்லை.

சரி, பார்க்கப் போகும்போது என்ன செய்வது? முந்தின இரவே சொல்லிவிடுங்கள், காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில விநாடிகளில் செயின் கலகலப்பதும், பின்னால் நீலப் புகை வருவதும் தெரிந்துவிடும். சூடாக்கி வைத்த இன்ஜின் எதையும் சொல்லாது.

சர்வீஸ் பில் கேளுங்கள். புத்தகத்தில் குத்திய முத்திரை போதாது, பில் வேண்டும். ஆறு கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாறியிருக்க வேண்டும். நான்கு சக்கர இழுவைக்குத் தனி ஆயில் உண்டு, அதை மாற்றிய பில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அந்தத் தம்பியின் பம்ப் போனதும் இதனால்தான். டயர் நான்கும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயருக்கே பணம் போடாதவர் கண்ணுக்குத் தெரியாத ஆயிலுக்கா போட்டிருப்பார்?

வேகன் என்பதால் டிக்கித் தரையைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். கூரைக் கண்ணாடியின் வடிகால் குழாய் அடைத்திருந்தால் நம் ஊர் மழைக்குத் தண்ணீர் அங்கேதான் போய் நிற்கும். பின்னால் இடிபட்ட கார் என்றாலும் அங்கேதான் வெல்டிங் தெரியும்.

அப்புறம் இந்த "ஸ்டேஜ் 2". சக்தியைக் கூட்ட இன்ஜின் கணினியை மாற்றி, எக்ஸாஸ்டை மாற்றி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையதை மாட்டிவிடுகிறார்கள். ஓட்டின ஓட்டம் கியர்பாக்ஸில் அப்படியே இருக்கும். மாற்றம் இருப்பதை அறிவிக்காமல் காப்புறுதி எடுத்தால், விபத்து நடந்த அன்று நீங்கள்தான் தனியாக நிற்பீர்கள். காரின் கணினியில் பழுது படிக்கும் கருவியை மாட்டிப் பாருங்கள். எல்லாச் சுய பரிசோதனைகளும் முடியாமல் கிடந்தால், பழுதுக் குறியீடுகளை யாரோ அண்மையில் அழித்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்குவது யாரிடம் என்பதையும் பாருங்கள். 2012 செப்டம்பரிலிருந்து பழுதான பொருள்களுக்கான சட்டம் பழைய கார்களுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அது வியாபாரி விற்றால்தான். தனியார் ஒருவரின் காரை வியாபாரி தன் கடையில் நிறுத்தி விற்றுக் கொடுக்கிறார் என்றால், ஒப்பந்தத்தில் விற்பவர் பெயர் யாருடையது என்று படியுங்கள். அந்தத் தம்பி படிக்கவில்லை.

கையில் 70,000 இருந்தால் 60,000க்குள் காரைப் பாருங்கள். மீதியைத் தொடாதீர்கள். தயவுசெய்து, கையெழுத்துப் போடும் முன் ஏதாவது ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். என்னிடம்தான் வரவேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேர வேலை. விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

தம்பி இப்போதைக்குப் பம்ப்பையும் ஆயில் கசிவையும் மட்டும் சரிசெய்யச் சொன்னார். கியர்பாக்ஸைப் போனஸ் வந்ததும் பார்க்கலாம் என்றார். அதுவரை எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கெல்லாம் எடுத்துப் போக வேண்டாம், பிள்ளைகளோடு நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.