சின்ன வயிறு, பெரிய தேவை

பெரியவர் தட்டில் இருப்பதைப் பாதியாக்கி வைத்தால் பிள்ளைச் சாப்பாடு ஆகிவிடும் என்பது பல வீட்டுக் கணக்கு. நான்கைந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,350 கலோரி வேண்டும். எடை 18 கிலோ என்று வைத்தால் கிலோவுக்கு 75. உட்கார்ந்து வேலை பார்க்கும் அப்பாவுக்கோ கிலோவுக்கு 32 சொச்சம் போதும். பிள்ளை வளர்கிறது, ஓடியாடுகிறது. போதாததற்கு மூளை வேறு. இந்த வயதில் உடல் சும்மா கிடக்கும்போது செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளையே எடுத்துக்கொள்கிறது. வயிறு மட்டும் சின்னது. அதனால் நர்சரிப் பிள்ளையின் சாப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு வாயிலும் எவ்வளவு சத்து போகிறது என்பதைத்தான்.

ராகிக் கஞ்சியையே பாருங்கள். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் ஒரு டம்ளர் கஞ்சியில் இருக்கும் மாவு இரண்டு ஸ்பூன்தான், மற்றதெல்லாம் தண்ணீர். மாவுச்சத்து சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பிக் கெட்டியாகிவிடும். குழந்தை குடிக்கட்டும் என்று மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். வயிறு நிறைகிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது.

இதற்கு நம் பாட்டிமார் கையில் வழி இருந்தது: முளைகட்டுதல். ராகியையோ கம்பையோ ஊறவைத்துத் துணியில் கட்டினால், முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தை உடைத்துக்கொள்ள அமைலேஸ் என்னும் நொதியை உண்டாக்குகிறது. அதை உலர்த்தி அரைத்த மாவில் ஒரு ஸ்பூன் எடுத்து, காய்ச்சி இறக்கிய கெட்டிக் கூழில் கொதி அடங்கியபின் கலக்கினால், சில நிமிடங்களில் கூழ் இளகும். நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகள் துண்டாவதால் வரும் இளக்கம் அது. தண்ணீர் சேர்க்காமலே குடிக்கும் பதம் வந்துவிடுவதால், அதே டம்ளரில் கூடுதல் மாவு போகும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்குவது நல்லது. முளைத்த தானியத்தில் கிருமிகள் இருக்கலாம். வாசத்துக்காக மாவைச் சிவக்க வறுத்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும், இளக்கமும் வராது. முளைகட்டினால், இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் குறைந்து இரும்புச்சத்து எளிதாக உடலில் சேர்வது இன்னொரு லாபம்.

'இளைத்தவனுக்கு எள்ளு' என்ற பேச்சிலும் விஷயம் இருக்கிறது. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 கலோரி, கொழுப்பு தருவது 9. களியில் ஊற்றும் நல்லெண்ணெய்க்கும் சோற்றில் விடும் நெய்க்கும் இந்த வயதில் நியாயம் உண்டு. நாட்டுச்சர்க்கரைக்கு அதே சலுகை கிடையாது. நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடியில் வாங்கினாலும் அது சர்க்கரைதான்.

புரதத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு போல வசதியானது வேறில்லை. பனியன் கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்திலும் குக்கரில் ஏற்றிவிடலாம். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் அரிசியில் குறைவான லைசின் துவரையில் தாராளம். துவரையில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆனால் பருப்பு பெயருக்குத்தான் விழுகிறது என்றால் பயனில்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்காவது போடுங்கள்.

முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்தால் அதன் இரும்புச்சத்து கூடுதலாக உறிஞ்சப்படும்; வைட்டமின் சி செய்யும் வேலை. டீயில் உள்ள டானின் நேரெதிர். டீயில் வர்க்கியை நனைத்துத் தின்னும் நம் சாயங்காலப் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பால்வாடியில் 3 முதல் 6 வயதுக் குழந்தைக்கு 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த அளவு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். அந்தக் கணக்கில் மீதி 850 கலோரி வீட்டுப் பொறுப்பு. அதை ஒரே வேளையில் திணிக்க முடியாது. மூன்று வேளையோடு இடையில் இரண்டு சிறு தீனி சேர்த்துப் பிரிக்க வேண்டும். மதியம் டப்பா பாதி திரும்பி வந்தால் பதற்றம் வேண்டாம். ஒரு வேளை குறைந்தால் அடுத்த வேளை ஈடுகட்டிக்கொள்வது குழந்தைகளின் இயல்பு. "கண்ணு, இன்னொரு வாய்" என்று துரத்துவதால் வயிறு சொல்வதைக் கேட்கும் பழக்கம்தான் கெடும். புதிய காய் பிடிக்க எட்டுப் பத்துத் தடவைகூடக் கண்ணில் படவேண்டியிருக்கும், அதனால் அவரைக்காயை இரண்டாம் நாளே கைவிட வேண்டாம்.

சிறு தீனிக்கு நிலக்கடலை அருமை, ஆனால் ஐந்து வயதுக்குள் முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. பொடித்து உருண்டையாகவோ, அரைத்துச் சட்னியாகவோ கொடுங்கள்.