ஆழம் பார்த்து மணி சொல்லும் கடிகாரம்

நள்ளிரவு 12:59. அறை முழுக்க இருட்டு. கேட்கும்போதெல்லாம் நேரத்தை நிமிடம் வரை அடித்துச் சொல்லும் 'மினிட் ரிப்பீட்டர்' வகைப் பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் விளிம்பில் உள்ள சிறு தள்ளியை விரலால் நகர்த்துகிறீர்கள். தணிந்த சுருதியில் 12 அடிகள் கேட்கின்றன. அடுத்து இரு சுருதிகளும் சேர்ந்த மூன்று இரட்டை அடிகள். பிறகு மேல் சுருதியில் 14 அடிகள். 12 மணி, மூன்று கால் மணி, அதற்கு மேல் 14 நிமிடம். இந்தக் கடிகாரம் அடிக்கக்கூடிய மிக நீண்ட கணக்கு இதுதான்: மொத்தம் 32 அடிகள்.

விளக்கேற்றச் சிக்கிமுக்கிக் கல்லை உரச வேண்டியிருந்த காலத்தில் பிறந்த கருவி இது. இங்கிலாந்தில் பாதிரியார் எட்வர்ட் பார்லோவும் கடிகாரக் கலைஞர் டேனியல் குவேரும் இதைக் கண்டுபிடித்ததற்கான உரிமையைக் கோரினார்கள். 1687-ல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் குவேரின் பக்கம் தீர்ப்பளித்தார். அந்தக் கடிகாரங்கள் கால் மணி வரை மட்டுமே சொல்லின. நிமிடத்தையும் எண்ணிச் சொல்லும் வகை பிறகு வந்தது. உள்ளே இருந்த குட்டி மணிக்கு மாற்றாக, வளைந்த எஃகுக் கம்பியைப் பாரிஸ் கடிகாரக் கலைஞர் பிரெகே 1783-ல் கொண்டுவந்தார். கடிகாரம் மெலிந்தது, ஒலி இனிமையானது.

முள் எங்கே நிற்கிறது என்பது சுத்தியலுக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கடிகாரங்களின் பக்கம் இழுத்தது. விடை, நத்தை ஓடு போன்ற வடிவுள்ள ஓர் உலோகத் தட்டில் இருக்கிறது. தொழிலில் அதற்குப் பெயரே நத்தைதான். மணிக்கான நத்தையின் விளிம்பில் 12 படிகள். ஒரு மணிக்குரிய படி மேட்டில் இருக்கிறது, 12 மணிக்குரியது பள்ளத்தில். தள்ளியை நகர்த்தும்போது ஒரு நெம்புகோல் அந்தப் படியைத் தொடும்வரை இறங்குகிறது. கிணற்றில் வாளியை இறக்கி, விட்ட கயிற்றின் நீளத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அறிகிறோமே, அதே கணக்கு. நெம்புகோல் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, அதனோடு இணைந்த பல்வரிசையில் அத்தனை பற்கள் திரும்பி வரும் வழியில் சுத்தியலைத் தட்டுகின்றன. கால் மணி நத்தைக்கு நான்கு படிகள். நிமிட நத்தைக்கு நான்கு கைகள், கைக்கு 14 படிகள்.

தள்ளியை நகர்த்தும் அதே அசைவு, தனியான ஒரு சிறிய சுருள்வில்லுக்கும் சாவி கொடுத்துவிடுகிறது. அடிப்பதற்கான ஆற்றல் அதிலிருந்து வருகிறது. நேரம் காட்டும் பெரிய வில்லுக்கு அதில் வேலையில்லை. பாதி தள்ளி விட்டுவிட்டால்? தொடக்ககாலக் கடிகாரங்கள் தவறான மணியை அடித்தன. பின்னர் ஒரு சிறு தடுப்பைச் சேர்த்தார்கள்: நெம்புகோல் நத்தையை முழுமையாகத் தொட்டால்தான் அடிக்கும், இல்லையெனில் மௌனம். பொய் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த அந்தக் கைகளை வணங்கத் தோன்றுகிறது.

அதைவிட நுட்பமான சிக்கல் மணி மாறும் கணத்தில் எழுகிறது. சரியாக ஒரு மணி ஆகும் நொடியில், நிமிட நெம்புகோல் 14-ஆம் படியின் பள்ளத்திலேயே விழுந்துவிட்டால் கடிகாரம் 1:14 என்று அடித்துவிடும். அதைத் தடுக்க நத்தையின் மேல் மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருக்கிறது. மணி மாறும் கணத்தில் அது வெளியே பாய்ந்து பள்ளத்தை மூடிவிடும்.

இவற்றைச் சேகரிப்பவர்கள் வாங்கும் முன் 12:59-க்கு முள்ளை வைத்து அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். எல்லாப் பற்களும் அந்த ஒரு முறையில் வேலை செய்தாக வேண்டும். கடைசி அடிகள் தளர்ந்தால் வில்லோ எண்ணெயோ சரியில்லை. ஓர் அடி விடுபட்டால் ஒரு பல் தேய்ந்திருக்கலாம். அதற்கு மாற்றுப் பாகம் கடையில் கிடைக்காது. ஒவ்வொரு பாகமும் அந்தந்தக் கடிகாரத்துக்கென்றே அரத்தால் தேய்த்துப் பொருத்தப்பட்டது. அடித்துக்கொண்டிருக்கும்போது முள்ளைத் திருப்பவே கூடாது. நத்தையின் மேல் இறங்கிய நெம்புகோல் உடைந்துபோகும்.

ஏலச் செய்திகள் விலையோடு நின்றுவிடுகின்றன. ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கருக்காகப் பட்டேக் ஃபிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் செய்து 1933-ல் கொடுத்த, மணி அடித்துச் சொல்வது உட்பட 24 நுட்பங்கள் கொண்ட கடிகாரம் 2014-ல் ஜெனீவாவில் 2 கோடியே 32 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு விற்றது எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குள் நத்தைகள் ஆழம் பார்ப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

அதே கடிகாரத்தில் நிரந்தர நாட்காட்டியும் உண்டு. அங்கும் இதே வித்தைதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் தட்டின் விளிம்பில் 48 மாதங்கள். 31 நாள் மாதம் மேடு, 30 நாள் மாதம் சிறு பள்ளம், பிப்ரவரி ஆழமான பள்ளம். லீப் ஆண்டுப் பிப்ரவரி அதைவிடச் சற்றே மேலே. நெம்புகோலின் மூக்கு அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்து, மாதக் கடைசியில் தேதியை எத்தனை பல் தாண்ட வைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. 100 ஆல் வகுபடும் ஆண்டுகளில் 400 ஆல் வகுபடாதவை லீப் ஆண்டு இல்லை என்ற விதியை 48 மாதத் தட்டில் செதுக்க முடியாது. 1900-ல் இத்தகைய கடிகாரங்களின் உரிமையாளர்கள் தேதியைக் கையால் திருத்தியாக வேண்டியிருந்தது. 2100 பிப்ரவரி 28 இரவு, நெம்புகோல் மீண்டும் 29-க்கான பள்ளத்தில் இறங்கும். மறுநாள் காலையில் யாராவது ஒருவர் ஒரு சிறு பொத்தானை அழுத்தி, அதை மார்ச் 1-க்கு நகர்த்த வேண்டும்.