பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வராதீர்கள்

இந்த ஆண்டில் இது நான்காவது தடவை. திருகோணமலையில் நான் பணியாற்றும் உளவியல் ஆலோசனை அறைக்கு, இறுதிப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கையில், தாயாருடன் வந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தமக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் காட்டிப் பரீட்சையில் கூடுதல் நேரம் பெறுவதற்கு ஒரு கடிதம் கேட்டார். அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

கன்னியா வெந்நீரூற்றுகளைப் பற்றிய ஒரு தமிழ்ப் பத்தியை வாசிக்கக் கொடுத்தேன். தன் மாணவர் அடையாள அட்டையை வரியின் கீழே வைத்து, அதை ஒவ்வொரு வரியாக நகர்த்தியபடி வாசித்தார். ஒரு பிழைகூட விடவில்லை. ஆனால் சக மாணவர் ஒரு நிமிடத்தில் முடிக்கும் பத்திக்கு அவருக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் பிடித்தது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் சீரானது என்பதால், வாசிப்புக் குறைபாடு பிழையாக அன்றி வேகக் குறைவாகவே வெளிப்படலாம். "பிள்ளை நிதானமாக வாசிக்கிறான்" என்று பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுவார்கள்.

"உயர்தரம் பாஸ் பண்ணிக் கம்பசுக்கு எடுபட்ட பிள்ளைக்குக் கற்றல் குறைபாடா?" என்ற கேள்வியை உறவினர்கள் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், ஒருமுறை விரிவுரையாளர் ஒருவரே தொலைபேசியில் கேட்டார். திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது: இது புத்திக்குறைவு அல்ல. வாசிப்பிலோ எழுத்திலோ கணிதத்திலோ மட்டும் தங்கி நிற்கும் தடை இது. 1896இல் பிரித்தானிய மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனை விவரித்தபோது, பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் பதிவுசெய்தார். நூற்றாண்டு கடந்தும் நாம் அதே கேள்வியில் நிற்கிறோம். என்னிடம் வந்தவருக்கு உயர்தரம் வரை தாயாரே பாடங்களை உரத்து வாசித்துக் காட்டினார். அவர் கேட்டு மனனம் செய்தார். வளாகத்தில் ஆங்கில மொழிமூலம், வாரத்துக்கு நூறு பக்கம், வாசித்துக் காட்ட ஆளில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் முட்டுக்கொடுத்து நின்ற சுவர் இருபது வயதில் சரிந்ததற்கு அவருடைய சோம்பலைக் குற்றஞ்சாட்டுவது எந்த நியாயம்?

அதற்காக, ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் எல்லோருக்கும் இக்குறைபாடு இருப்பதாக எண்ணிவிடவும் கூடாது. தமிழில் சரளமாக வாசித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் மட்டும் திணறுகிறவருக்குத் தேவை மொழிப்பயிற்சி. கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டதால் விழுந்த இடைவெளி, பார்வைக் குறை, மனச்சோர்வு, கவனக்குறைவு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். இவை காரணமல்ல என்று உறுதிசெய்யாமல் எழுதும் அறிக்கை வெறும் காகிதம்.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ இதைக் காட்டாது. கைத்தொலைபேசியில் பத்துக் கேள்விக்கு விடையளித்து வருபவர்களிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிடுகிறேன். மதிப்பீடு பல மணி நேரம், பல அமர்வுகளாக நடக்கும். வேற்றுநாட்டு மாணவரை அளவாகக் கொண்ட சோதனைப் புள்ளிகளை நம் பிள்ளைகள்மீது அப்படியே சுமத்தவும் முடியாது. இந்தத் தடை பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்த 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பழைய பதிவுகளைச் சோதனைக்கு ஈடாகவும் ஏற்கலாம் என்கிறது. ஆகவேதான் நான் முதலில் கேட்பது தேர்ச்சி அறிக்கைகளை.

பருவத்தின் முதல் மாதத்திலேயே வாருங்கள். கண்ணையும் காதையும் முன்னரே பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுவயதை அறிந்த ஒருவரை, தாயாரோ அக்காவோ, உடன் அழைத்து வாருங்கள். நான் பரிந்துரைக்கலாம், கூடுதல் நேரத்தைத் தீர்மானிப்பது உங்கள் வளாகமே, அதற்கும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும். தாய்மாரே, உங்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மூன்றாம், நான்காம் வகுப்புக் கொப்பிகளைப் பழைய பேப்பர் வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மாணவரின் தாயார் கொடுத்துவிட்டார். இப்போது நாங்கள் அவருடைய நான்காம் வகுப்பு ஆசிரியையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.