கோடு போட்ட கையோடு மேட்ச் ஆடாதீங்க

போன வருஷம் செப்டம்பரில் ஒரு ராத்திரி. பத்தே முக்கால் இருக்கும். கிளினிக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அடியில் குனிந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அக்கா, ரெண்டே நிமிஷம்க்கா."

வட சென்னையில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணிப் பையன். மூன்றாமாண்டு. பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடத்தில் ஆடுவான். வலது காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்திருந்தான். முழங்கை வரை வெள்ளை பெயின்ட்.

"பிராக்டீஸ்லயா மடங்குச்சு?"

"இல்லக்கா. கோர்ட்டுக்குக் கோடு போட்டுட்டிருந்தோம். பெயின்ட் டப்பாவ எடுக்கலாம்னு திரும்பினேன், ஈரத்துல வழுக்கிருச்சு. நாளன்னிக்கு மேட்ச்க்கா."

தண்டையார்பேட்டையில் நான் பிசியோதெரபி பார்க்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பையன்கள் அக்கா என்பார்கள். பி.டி. சார்கள் டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை சார் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு விஷயம் எனக்கு விளங்காமலே இருந்தது. நந்தனத்துக்கோ தாம்பரத்துக்கோ போய் ஆடிவிட்டு வருகிற பையன்களைவிட, சொந்த கிரவுண்டில் மேட்ச் வைத்திருக்கிற பையன்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அதுவும் மேட்ச்சுக்கு முந்தைய பதினைந்து நாளில். அந்த வெள்ளை பெயின்ட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது.

நம்மூரில் சொந்த கிரவுண்ட் என்றால் சொந்தச் செலவு, சொந்த உழைப்பு. கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் கோடு, நடுக்கோடு, ஆணி அடித்துக் கயிறு பிடித்து 6.75 மீட்டரில் மூன்று பாயின்ட் வளைவு, இரண்டு பக்கமும் வளையத்துக்கு அடியில் கட்டம். இதையெல்லாம் போடுவது யார்? ஆடப்போகிற பன்னிரண்டு பேர்தான். சேர் இறக்குவது, ஷாமியானாவுக்குக் கயிறு இழுப்பது, ஃபிளெக்ஸ் கட்டுவது, வருகிற அணிகளுக்குத் தண்ணீர் கேன் தூக்குவது, மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை எண்ணுவது எல்லாம் அவர்கள்தான். எதிரணி வீட்டில் தூங்கி எழுந்து, குளித்து, பஸ்ஸில் சாய்ந்துகொண்டு வந்து இறங்கும். நம் பையன்கள் பெண்ணைப் பெற்ற கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி கண் சிவந்து நிற்பார்கள்.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். அந்த வேலையில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. தான் போட்ட கோட்டுக்குள் தான் ஓடுகிற பெருமை சின்னதா? ஆனால் அந்தப் பெருமைக்கு உடம்பு கேட்கிற விலை எவ்வளவு என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டுமே.

முதல் கணக்கு தூக்கம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியில் 11 பேரை வைத்துச் செரி மா என்பவர் ஒரு ஆய்வு செய்தார், 2011-ல் வெளிவந்தது. ஐந்து முதல் ஏழு வாரம் வரை, தினமும் பத்து மணி நேரமாவது படுக்கையில் இருங்கள் என்றார்கள். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது, உள்ளே விழுவது 9 சதவீதம் கூடியது. மூன்று பாயின்ட் ஷாட்டும் ஏறக்குறைய அதே அளவு கூடியது. 16.2 நொடி எடுத்த ஓட்டம் 15.5 நொடிக்கு இறங்கியது. பதினோரே பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, அதனால் இதை வேதவாக்காக எடுக்க மாட்டேன். ஆனாலும் எந்தப் புரோட்டீன் பவுடர் டப்பாவை நம்புவதைவிடவும் இதை நம்பலாம்.

பத்து மணி நேரம் என்று சொன்னால் நம் பையன்கள் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவன் காசிமேட்டில் அப்பாவோடு விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போய், மீன் கூடை தூக்கி, ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வந்து நிற்பான். இன்னொருவன் ராத்திரி பன்னிரண்டு வரை சாப்பாடு டெலிவரி. அவனிடம் போய்த் தூக்கத்தின் மகிமையைப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. பி.டி. சார்களிடம்தான் கேட்பேன்: அந்த ஒரு வாரத்துக்காவது காலைப் பயிற்சியை விட்டுவிட்டுச் சாயந்திரம் மட்டும் வையுங்கள். மதியம் அரை மணி நேரம் ஜிம் அறையில் பாய் போட்டுப் படுக்க விடுங்கள். கேட்டவர்கள் உண்டு. "இப்பவே தூங்குனா எப்படி ஜெயிக்கிறது" என்றவர்களும் உண்டு.

இரண்டாவது, கடைசி நேரத்தில் கூட்டுகிற பயிற்சி. ஜூன், ஜூலை எல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் ஆடியிருப்பார்கள். மேட்ச் தேதி நோட்டீஸ் போர்டில் ஏறியதும் காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம். சிமெண்ட் தரை. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்காக ஒரு நாளில் எத்தனை முறை குதிக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். நுரையீரலும் தசையும் ஓரளவு சீக்கிரம் பழகும். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாண் அவ்வளவு வேகமாகப் பழகாது. மாடிப்படி இறங்கும்போது முட்டிக்குக் கீழே குத்துகிறது, வார்ம் அப் ஆனதும் போய்விடுகிறது, மறுநாள் காலை திரும்ப வருகிறது என்றால் அது அந்த நாணின் புகார். ஓட்டப் பந்தயம், நீச்சல் மாதிரியான விளையாட்டுகளில் போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சியின் அளவைப் பாதிக்குக் குறைப்பார்கள், வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

இனி கணுக்கால். என்னிடம் வருகிற கூடைப்பந்துப் பையன்களில் பாதிக் கதை இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுகிறேன்.

குதித்து இறங்கும்போது அடுத்தவன் ஷூ மேல் கால் விழும். பாதம் உள்பக்கமாக மடியும். வெளிப்பக்க ஜவ்வு இழுபடும், சில சமயம் கிழியும். உடனே நாலு பேர் ஓடிவருவார்கள். ஒருவன் ஸ்ப்ரே அடிப்பான். ஒருவன் காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பான், சுளுக்கு எடுக்கிறானாம். வீட்டுக்குப் போனால் பாட்டி எண்ணெய் போட்டு நீவுவார். மறுநாள் புத்தூர் கட்டு. கட்டு நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. எலும்பு உடைந்திருக்கிறதா என்று தெரியாமல் இழுப்பதும் நீவுவதும்தான் என் பயம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் வகுத்தது. உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். அடிபட்டவன் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? நொண்டினாலும் பரவாயில்லை, அவன் எடை அந்தக் காலில் இறங்க வேண்டும். அடுத்து, கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்துங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவாக்கில் ஒரு மேடு தட்டுப்படும், அதையும் அழுத்துங்கள். உள்பக்கம் நடுப்பாதத்தில் இருக்கிற எலும்பையும் பாருங்கள். நாலு அடி வைக்க முடியவில்லை, அல்லது இந்த எலும்புகளில் ஏதோ ஒன்றைத் தொட்டால் துடிக்கிறான் என்றால் நேரே எக்ஸ்-ரே. ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்கு எத்தனை தூரம்? ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால் இறங்குகிற தூரம்தான்.

ஐஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் அவரே மாற்றி எழுதினார். அதனால் நான் ஐஸை வலி குறைய மட்டும், துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கச் சொல்கிறேன். காசிமேட்டுப் பக்கம் ஐஸுக்கு என்ன பஞ்சம்? ஒரு பையன் மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளத்தையே கோணியில் சுற்றி எடுத்துவந்து, அதன் மேல் வெறுங்காலை முக்கால் மணி நேரம் வைத்திருந்தான். ஜவ்வு ஆறிய பிறகும் தோல் ஆறவில்லை.

வீக்கம் வடிந்தால் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கண்ணை மூடி அந்த ஒற்றைக்காலில் அரை நிமிஷம் நில் என்பேன். தள்ளாடுவான். ஜவ்வு கிழியும்போது, பாதம் எங்கே எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்கிற நுண்ணிய உணர்வும் சேர்ந்து கெடுகிறது. அதனால்தான் ஒருமுறை மடங்கிய கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது. தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதை நான் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். லேஸ் வைத்துக் கட்டுகிற ஆங்கிள் பிரேஸும் உதவும். அமெரிக்கப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடிய 1,460 பேரிடம் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், அதைப் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் போடாதவர்களுக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். மருந்துக் கடையில் விற்கிற சாக்ஸ் மாதிரியான துணி உறை வேறு. அது கதகதப்பாக இருக்கும், அவ்வளவே.

விரல் பற்றி ஒரு வார்த்தை. பந்து விரல் நுனியில் மோதி, கடைசிக் கணு தொங்கி, தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் இழுக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் கணு ஒரு நொடிகூட மடங்காமல், நிமிர்த்திப் பிடிக்கிற பட்டையில் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன ஸ்டான்லியை வாசலில் வைத்துக்கொண்டு, கோணல் விரலோடு எத்தனை பேர் இங்கே அலைகிறார்கள்!

சரி, அந்தப் பையனிடம் வருகிறேன். நாலு அடி வைத்தான். எலும்பில் வலி இல்லை. ஜவ்வு பாதி இழுபட்டிருந்தது. "மூணு வாரம் ஆடக் கூடாதுப்பா" என்றேன். தலையாட்டினான். வெளி மைதானமாக இருந்திருந்தால் கேட்டிருப்பான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காம்பவுண்டு சுவர் ஓரம் அவன் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர் போட்டு உட்காரப்போகிறார். ஏரியா நண்பர்கள் மேளம் ஏற்பாடு செய்தாகிவிட்டது. அவன் படம் ஃபிளெக்ஸில் இருக்கிறது. மருந்துக் கடையில் வலி மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டு, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி இறங்கிவிட்டான். இரண்டாவது குவார்ட்டரில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) குதித்து, தான் பெயின்ட் அடித்த கட்டத்துக்குள்ளேயே இறங்கினான். இந்த முறை முழுசாகக் கிழிந்தது. நாலு மாதம்.

வலி மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். பிடி தளர்ந்த ஜவ்வு தளர்ந்தபடியேதான் இருக்கும். இன்னொன்று: செப்டம்பர்ப் புழுக்கத்தில் வியர்த்து ஊற்றி, போதிய தண்ணீர் குடிக்காத உடம்பில் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும், வெறும் வயிறாக இருந்தால் வயிற்றையும். நாற்பது நிமிஷ ஆட்டம் என்று பேர், விசில் அடிக்கும்போதெல்லாம் கடிகாரம் நிற்பதால் ஒன்றரை மணி நேரமாவது இழுக்கும். கடற்காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாது, சூடும் இறங்காது. முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று டைம் அவுட் உண்டு, பி.டி. சார் திட்டி முடிப்பதற்குள் இரண்டு வாய் ஓஆர்எஸ் கரைசல் உள்ளே போகட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீர், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று உளறினால், தள்ளாடினால், ஸ்கோர் கேட்டால் முழித்தால், நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-க்குப் பேசுங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருந்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற ஆரம்பிக்காதீர்கள்.

இந்த வருஷமும் அதே கல்லூரியில் மேட்ச். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பி.டி. சாரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன்: சேரும் ஷாமியானாவும் என்.எஸ்.எஸ். பையன்கள் பார்க்கட்டும், கோடு போடுவதை வேறு யாரிடமாவது விடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நேற்று அந்தப் பழைய பாயின்ட் கார்டு போன் செய்தான். படிப்பு முடித்து இப்போது மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. போன வருஷ டீமில் ஆறு பேர் லீவு போட்டு வருகிறார்களாம். "கோட நாங்க போட்டுக்கிறோம்க்கா, நீங்க அந்தப் பசங்கள மட்டும் சீக்கிரம் தூங்கச் சொல்லுங்க. பெயின்ட் மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்னாடியே அடிச்சுர்றோம், நல்லா காயட்டும். அப்புறம், அந்தக் கட்டத்துக்குள்ள அடிக்கிற பெயின்ட்ல சலிச்ச மணல் கலந்தா வழுக்காதுன்றாங்களே, ஒரு லிட்டருக்கு எவ்ளோ கலக்கணும்க்கா?"

எனக்குத் தெரியவில்லை. பெயின்ட் கடையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.