சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உண்டு, வழக்கு சொந்தச் சங்கத்தின் மேல் என்றாலும்

அவர் என் மேசையில் மூன்று காகிதங்களை வைத்தார். ஒன்று, தொழிற்சங்கத்திலிருந்து அவரை நீக்கிய கடிதம். இன்னொன்று, முன்சீப் கோர்ட்டில் அவர் போட்டிருந்த வழக்கின் நகல். மூன்றாவது, அடகுக் கடை ரசீது. மனைவியின் சங்கிலி. "வக்கீல் ஃபீஸுக்கு வேற வழி தெரியல சார்" என்றார்.

பதினாறு வருடம் விடாமல் சந்தா கட்டிய மெஷின் ஆபரேட்டர். ஊதிய ஒப்பந்தம் முடிந்து அரியர் வந்தபோது, ஒவ்வொருவர் அரியரிலிருந்தும் சங்கம் ஒரு தொகையைப் பிடித்திருக்கிறது. அதற்குக் கணக்கு எங்கே என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்டிருக்கிறார். அடுத்த மாதமே நீக்கல் கடிதம் வந்துவிட்டது. மொத்தம் மூன்று வரி. 'சங்க விரோத நடவடிக்கை' என்று இருக்கிறதே தவிர, என்ன நடவடிக்கை என்று இல்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. கடிதத்தின் தேதி 4. அதில் குறிப்பிட்டிருக்கும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் தேதி 11. கூட்டம் நடக்க ஒரு வாரம் இருக்கும்போதே அதன் முடிவைத் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

நல்ல வழக்கு. ஆனால் அதைத் தப்பான கோர்ட்டில், சங்கிலியை அடகு வைத்த காசில் போட்டிருந்தார். இரண்டுமே வேண்டியிருக்கவில்லை. இந்த வருடம் இப்படி என்னிடம் வந்தவர்களில் அவர் நாலாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அவரிடம் முதலில் கேட்டது: "இலவச வக்கீல் தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஏன் போகவில்லை?" பதில், மற்ற மூன்று பேரும் சொன்ன அதே பதில். "அது ஏழைங்களுக்குத்தானே சார். நான் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பிடிச்சு சம்பளம் வாங்குறவன். எனக்கு எப்படிக் குடுப்பாங்க?"

இந்த ஒரு நினைப்பு எத்தனை குடும்பங்களின் நகையை அடகுக் கடைக்கு அனுப்பியிருக்கிறது! அதனால் இதை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் வந்தது. யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவி உண்டு என்று அதன் 12-ஆவது பிரிவு ஒரு பட்டியல் போடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர். பெண்கள், குழந்தைகள். மாற்றுத்திறனாளிகள். பேரிடரிலும் கலவரத்திலும் பாதிக்கப்பட்டவர்கள். காவலில் இருப்பவர்கள். இப்படிப் போகும் பட்டியலில் 12(எஃப்) என்ற வரியில் தனியாக நிற்பவர் 'தொழிலாளர்', அதாவது தொழிற்கூடங்களில் வேலை செய்கிறவர். வருமான வரம்பு என்பது கடைசியாக வரும் 12(எச்) வரியில்தான் இருக்கிறது. மேலே சொன்ன எந்த வகையிலும் சேராத, ஆனால் வருமானம் குறைந்த ஒருவருக்கான வரி அது. அந்த வரம்பைத் தூக்கிக்கொண்டு வந்து தொழிலாளிக்குப் பொருத்தக் கூடாது. பெண்ணுக்கும் பொருத்தக் கூடாது, மாற்றுத்திறனாளிக்கும் பொருத்தக் கூடாது. நீங்கள் தொழிலாளி என்றால் அது போதும். மாதம் பதினைந்தாயிரம் வாங்கினாலும் சரி, ஐம்பதாயிரம் வாங்கினாலும் சரி.

இன்னும் ஒரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் உதவி மையத்து மேசையிலேயே சில சமயம் இது தெரியாமல் போகிறது. "வருமானச் சான்றிதழ் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், சண்டை போடாமல் "நான் 12(எஃப்)-இல் கேட்கிறேன், வருமானத்தில் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் காட்டுங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் ஆணைக்குழுவின் செயலாளரைப் பாருங்கள். அவர் நீதித்துறை அதிகாரி, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருப்பார்.

மேற்பார்வை வேலையில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார். அந்தத் தொகை மேற்பார்வையாளருக்கு மட்டும்தான், மெஷினில் நிற்கிறவருக்கு அல்ல. பெயருக்கு சூப்பர்வைசர் என்று போட்டிருந்தாலும் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. மேற்பார்வையாளர் ஒரு பெண் என்றால் அவருக்கு அந்தப் பட்டியலில் 'பெண்கள்' என்ற வரி இருக்கவே இருக்கிறது.

உதவி என்றால் வக்கீல் மட்டும் இல்லை. கோர்ட் கட்டணம், சம்மன் செலவு, மனு தயாரிக்கும் செலவு, சான்றிட்ட நகல் எடுக்கும் செலவு எல்லாம் அதில் அடங்கும். பேனல் வக்கீல், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலிலிருந்து உங்களுக்கு ஒதுக்கும் வக்கீல், உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கேட்டால் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். தீர்ப்பாயத்தில் நடக்கும் வழக்குக்கும் உதவி உண்டு, ஏனென்றால் அந்தச் சட்டத்தில் 'நீதிமன்றம்' என்ற சொல்லுக்குள் தீர்ப்பாயமும் வருகிறது. விண்ணப்பத்தை வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வட்ட அளவில் எங்கே குழு இருக்கிறது என்றும் சொல்வார்கள்.

பிரிட்டனில் சங்கத்தின் மேல் வழக்குப் போடும் உறுப்பினருக்கு உதவ 1988-இல் தனியாக ஓர் ஆணையரையே நியமித்தார்கள். 1999-இல் வந்த சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டது. நம்மிடம் அப்படித் தனி ஆள் இருந்ததில்லை. ஆனால் நம் 12(எஃப்), எதிர்த் தரப்பு முதலாளியா சங்கமா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்து, "சங்க வக்கீலையே கேட்டுப் பார்த்தேன், பேசி முடிச்சுக்கலாம்னாரு" என்று சொல்கிறவர்கள். அவர் சங்கத்தின் வக்கீல். முதலாளிக்கு எதிரான உங்கள் வழக்கை அவர் நடத்தியிருக்கலாம், நன்றாகவும் நடத்தியிருக்கலாம். அப்போதும் அவருக்கு வக்காலத்து கொடுத்த சங்கமும் நீங்களும் ஒரே பக்கம் நின்றீர்கள், அவ்வளவுதான். சங்க நிதியை உறுப்பினரின் வழக்குக்குச் செலவிடப் பழைய 1926 தொழிற்சங்கச் சட்டம் இடம் கொடுத்ததும், சங்கத்தின் உரிமையைக் காக்கவும் முதலாளியோடு உறுப்பினருக்குள்ள உறவில் வரும் உரிமையைக் காக்கவும்தான். இப்போது நீங்கள் எதிர்ப் பக்கம். உங்கள் காகிதங்களை அவரிடம் கொடுக்காதீர்கள், யோசனையும் கேட்காதீர்கள். பேனலில் உங்களுக்கு ஒதுக்கிய வக்கீல் அதே சங்கத்துக்கும் ஆஜராகிறவர் என்று தெரிந்தால் வேறு ஆள் கேளுங்கள், தருவார்கள்.

இன்னொரு பக்கம், நிர்வாகத்து ஹெச்.ஆர். ஆள் வந்து "நாங்க வக்கீல் வச்சுத் தர்றோம்" என்பார். தயவுசெய்து வேண்டாம். அந்த உதவியை வாங்கிய நாளிலிருந்து நீங்கள் கேட்ட கணக்கை யாரும் பேசமாட்டார்கள், நீங்கள் யாருடைய ஆள் என்றுதான் பேசுவார்கள்.

"சங்கத்தின் மேல் கேஸே போட முடியாதாமே, சட்டப் பாதுகாப்பு இருக்காமே" என்றும் கேட்கிறார்கள். இந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால் இப்படிக் கேட்கத் தோன்றாது. சென்னையில் 1918-இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி ஆலை நிர்வாகம் அந்தச் சங்கத் தலைவர்கள் மேல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதற்கே இப்படி வழக்கு வந்தால் சங்கம் எப்படி நடத்துவது என்ற கேள்வியிலிருந்துதான் 1926 சட்டத்துக்கான முயற்சி பிறந்தது. முதலாளியோடு நடக்கும் தொழில் தகராறில் சங்கம் செய்யும் செயலுக்காகப் போட்ட வேலி அது. உறுப்பினர் கேட்ட கணக்கை மறைக்கவோ, விசாரிக்காமல் ஒருவரை நீக்கவோ போட்ட வேலி இல்லை. பதிவான சங்கம் ஒரு சட்ட நபர். தன் பெயரில் வழக்குப் போடலாம், தன் பெயரில் வழக்கைச் சந்திக்கவும் வேண்டும்.

சரி, எங்கே போடுவது? 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-ஆவது பிரிவைப் படியுங்கள். சங்கத்தின் பதிவு, நிர்வாகம், நிர்வாகிகள் தேர்தல் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் வரும் தகராறு, உறுப்பினராகச் சேர்க்க மறுப்பதால் வரும் தகராறு, எல்லாம் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சிவில் கோர்ட் அதை எடுக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. எங்கள் தொழிலில் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை: முன்பு முன்சீப் கோர்ட்டில் உறுத்துக் கட்டளைப் பரிகாரம் (ஒன்றைச் செய் அல்லது செய்யாதே என்று கோர்ட் போடும் ஆணை) கேட்டுப் பழகிய கை இன்னும் அங்கேயே போகிறது. கட்சிக்காரர் சங்கிலியை அடகு வைத்துத் தரும் பணம் அது. சட்டம் மாறியிருக்கிறதா என்று வழக்குப் போடுவதற்கு முன்பு பார்த்துவிடுங்கள்.

இதிலேயே ஒரு கிளைச் சிக்கல். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண், "சங்கம் என் கேஸைப் போடவே இல்லை, அவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்" என்று வந்தார். நீக்கப்பட்டு எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். இருபத்திரண்டு மாதம். எனக்குப் பகீர் என்றது. வேலைநீக்கத் தகராறைத் தொழிலாளி தனியாகவே கிளப்பலாம், சங்கம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தகராறு எழுந்து இரண்டு வருடம் ஆகிவிட்டால் சமரச அதிகாரி அதைக் கையில் எடுக்க முடியாது. முன்பு மூன்று வருடம் இருந்ததை நினைத்துக்கொண்டு பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கத்தின் மேல் உள்ள கோபம் அப்புறம். முதலில் உங்கள் வேலையைக் காப்பாற்றும் மனுவைப் போடுங்கள்.

கோபத்தில் செய்யும் காரியங்களிலேயே மோசமானது சந்தாவை நிறுத்துவது. "இவனுங்களுக்கு எதுக்கு நான் காசு கட்டணும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். சந்தா பாக்கி என்று காட்டி உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால், நீங்கள் உறுப்பினர் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டி வரும். வாங்க மறுத்தால் வங்கி வழியாகச் சங்கக் கணக்குக்கு அனுப்பிவிட்டு அந்தச் சீட்டை வைத்திருங்கள்.

சங்க விதிப் புத்தகத்தின் நகலை எப்படியாவது வாங்கிவிடுங்கள். நீக்குவதற்கு என்ன முறை, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளில், எல்லாம் அதில்தான் இருக்கும். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் பயன் இல்லை என்று தெரிந்தாலும் போடுங்கள், அதைத்தான் எதிர்த் தரப்பு முதல் கேள்வியாகக் கேட்கும். கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்க அதே சட்டத் தொகுப்பின் 19-ஆவது பிரிவில் உறுப்பினருக்கு உரிமை உண்டு. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், தொழிற்சங்கப் பதிவாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் "திருடன்" என்று போடாதீர்கள். கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. திருடன் என்று எழுதினால் அவதூறு வழக்கில் நிற்கப் போவது நீங்கள். அதை நீக்கலுக்குக் காரணமாகவும் காட்டிவிடுவார்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எதிர்த் தரப்பு அச்சடித்துக் கொண்டுவரும்போது அவர் முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது.

இதைச் சங்கத்தில் இருப்பவர்களும் படிப்பீர்கள். பாதி வாழ்க்கை உங்களோடு வழக்கு நடத்தியவன் நான், சங்கம் இல்லாத ஆலையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்குக் கேட்டவரை 'நிர்வாகத்துக்கு விலை போனவன்' என்று கேட்டில் நின்று பேசாதீர்கள். கணக்குப் புத்தகத்தை மேசையில் விரித்துவிட்டால் இந்த வழக்குகளில் பாதி வரவே வராது. தணிக்கை செய்த கணக்கு எப்படியும் உங்களிடம் இருக்க வேண்டியதுதானே?

அந்த மெஷின் ஆபரேட்டரிடம் நான் ஃபீஸ் வாங்கவில்லை, ஆணைக்குழுவுக்கு அனுப்பினேன். முன்சீப் கோர்ட் வழக்கைத் திரும்பப் பெற்றுத் தீர்ப்பாயத்தில் போடும் வேலை நடக்கிறது. கிளம்பும்போது, நீக்கல் கடிதம் வந்த உறை எங்கே என்று கேட்டேன். கிழித்துப் போட்டுவிட்டாராம். 4-ஆம் தேதிக் கடிதம் தட்டச்சுப் பிழை, உண்மையில் 14 என்று சங்கம் சொல்லப் போகிறது. அந்த உறையில் 6-ஆம் தேதி தபால் முத்திரை இருந்ததாக அவருக்கு ஞாபகம். அவர் ஞாபகத்தை மட்டும் வைத்து அதை நிரூபிப்பது கஷ்டம். கடிதம் வந்தால் உறையையும் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துவிடுங்கள்.